கைப்பேசியில் ஒரு கேள்வி
(மாணவர் விரும்பும் இணையதளங்கள் பற்றி ஒரு திறனாய்வு)



புதிய நூல் ஒன்று வெளிவந்தால் திறனாய்வு எழுதுகிறோம். ஆசிரியர் யார், அவர் சொல்வது சரியா, கொடுத்த விலைக்கு நூல் தகுமா என்றெல்லாம் ஆராய்கிறோம். இன்றைய கல்லூரி மாணவரோ நூலகத்தில் இருக்கும் நேரத்தைவிடக் கைப்பேசித் திரைமுன் இருக்கும் நேரமே மிகுதி. அப்படியிருக்க, அவர் நாள்தோறும் திறக்கும் இணையதளங்களைத் திறனாய்வு செய்யாமல் விட்டுவிடுவது முறையாகுமா? அந்தக் குறையைச் சிறிதேனும் போக்க இக்கட்டுரையில் முயல்வோம்.

யாருக்குப் பிடித்த தளங்கள் என்று முதலில் வரையறுத்துக் கொள்ள வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்து, இப்போது ஆனைமலையிலிருந்து பேருந்தில் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ சென்று இளம் அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவரை மனத்தில் கொள்வோம். இவரைப் போன்றோர் கொங்கு நாட்டில் ஏராளம். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவையைத் தொடங்கிச் சில மாதங்கள் இணைய இணைப்பை இலவசமாகவே அளித்தது. மற்ற நிறுவனங்களும் கட்டணத்தைக் குறைத்தன. அதுவரை பிரௌசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துப் பார்த்து வந்த இணையம், அதன்பின் சட்டைப் பைக்குள்ளேயே குடியேறிவிட்டது.

அவர் விரும்பும் தளங்களின் பட்டியல் உங்களுக்குத் தெரியாததன்று. கூகிள், யூடியூப், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், அண்மையில் சாட்ஜிபிடி, எப்போதாவது விக்கிப்பீடியா. அந்தப் பட்டியலில் இல்லாத சில தளங்களையும் சேர்த்தே நாம் இங்கு எடை போடுவோம்.

எடை போடத் தராசு வேண்டுமல்லவா? மூன்று கேள்விகளை எடைக்கற்களாக வைத்துக் கொள்வோம். ஒன்று, இச்செய்தியை யார் சொன்னார், எப்படிக் கண்டறிந்தார் என்பதைத் தளம் காட்டுகிறதா? இரண்டு, செய்தி தவறென்றால் திருத்த வழி உண்டா? மூன்று, திரையை அணைத்தபின் நம்மிடம் மிஞ்சுவது என்ன?

ஆனைமலைக்காரரின் கேள்வி

வெறுமனே எடை போட முடியாது. ஒரு பொருளை வைத்துத்தான் போட வேண்டும். ஆனைமலைச் சிறுவர்கூடக் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றை எடுத்துக் கொள்வோம். வால்பாறைக்கு அப்பாலுள்ள சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே மிகுதியாக மழை பெய்யும் இடங்களுள் ஒன்று. அங்கிருந்து ஆனைமலை ஊர் நேர்க்கோட்டில் நாற்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. அங்கே கொட்டும் மழை இங்கே ஏன் வருவதில்லை?

விடையைச் சுருக்கமாகக் கண்டுவிடுவோம். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்துவரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் மோதி மேலெழுகிறது. உயரச் செல்லச் செல்ல அழுத்தம் குறைவதால் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 செல்சியஸ் பாகை குறையும். நீராவி திவலைகளாக மாறத் தொடங்கியதும் அப்போது வெளிப்படும் வெப்பத்தால் குளிர்தல் மந்தமாகி, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 பாகை அளவில் நிற்கும். திவலைகள் மழையாகக் கொட்டிவிடுகின்றன. மறுபுறம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. இறங்கும்போது அது அமுங்கிச் சூடேறுவதால் மேலும் வறண்டு போகிறது. இதனையே மழை மறைவு என்கிறோம்.

பாடநூல் விடை இவ்வளவுதான். ஆனால் ஆனைமலைக்காரருக்கு இது போதாது. மலைக்கு வடக்கே பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலமுள்ள அந்த இடைவெளி வழியாகப் பருவக்காற்றின் ஒரு பங்கு தடையின்றி உள்ளே நுழைகிறது. ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி வட்டாரத்தில் வீசும் காற்றும் விழும் தூறலும் அதன் விளைவே. ஆகவே இங்கு மழை மறைவும் முழுமையானதன்று.

இன்னொரு செய்தியும் உண்டு. சின்னக்கல்லாற்று மழை ஆனைமலைப் பக்கம் வராமலும் இல்லை! மேல் நீராற்றில் தடுத்துத் திருப்பப்படும் நீர் சுரங்க வழியாகச் சோலையாறு அணைக்கு வருகிறது. அங்கிருந்து பரம்பிக்குளம், தூணக்கடவு வழியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. பின் ஒரு பங்கு ஆழியாறு அணைக்கும் மறுபங்கு திருமூர்த்தி அணைக்கும் போகிறது. பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டம் என்று நாம் அறிந்தது இதுவே. காற்று கொண்டுவராத மழையை மனிதன் மலையைக் குடைந்து கொண்டுவந்தான். தென்னந்தோப்பு வைத்திருக்கும் பெரியவர் எவரைக் கேட்டாலும் இந்தப் பிற்பகுதியைச் சொல்லிவிடுவார். மாணவர் படிக்கும் பாடத்தில் முற்பகுதி மட்டுமே இருக்கும்.

ஆக, முழு விடைக்கு இயற்பியல், நிலப்படம், ஊர்ப் பெரியவரின் அறிவு மூன்றும் வேண்டும். இக்கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு தளங்களுக்குள் நுழைவோம்.

வாயிற்காப்போன்: தேடுபொறி

1998இல் தோன்றிய கூகிள், ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எந்த அளவுக்குச் சுட்டுகின்றன என்பதைக் கணக்கிட்டுப் பக்கங்களை வரிசைப்படுத்தும் முறையால் புகழ்பெற்றது. நல்ல முறைதான். ஆனால் சுட்டுவதற்குப் பக்கங்கள் முதலில் இருக்க வேண்டுமே! உலகின் இணையதளங்களுள் ஏறத்தாழப் பாதி ஆங்கிலத்தில் உள்ளன. தமிழின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. நம் கேள்வியைத் தமிழில் இட்டுப் பாருங்கள். பிறகு அதையே ஆங்கிலத்தில் இட்டுப் பாருங்கள். அள்ளிக் கொடுக்கும் கை ஒன்றுதான். களஞ்சியம் வேறு வேறு.

2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின் மாணவரின் பழக்கம் மாறியது. பத்துப் பக்கங்களைத் திறந்து ஒப்பிடும் வேலையை விட்டுவிட்டு, எந்திரம் எழுதித் தரும் ஒரே பத்தியைப் படிக்கத் தொடங்கினார். இவ்வகை எந்திரம், தான் பயின்ற ஏராளமான எழுத்திலிருந்து, ஒரு சொல்லுக்குப்பின் எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைக்கிறது. பலரும் பலமுறை எழுதிய செய்தியை அது நன்றாகச் சொல்லும். மழை மறைவைப் பற்றிக் குறைவின்றி விளக்கிவிடும். ஒரு சிலரே எழுதிய அல்லது எவருமே எழுதாத உள்ளூர்ச் செய்தியில்தான் சறுக்கல் நேர்கிறது. அப்போதும் நடை தடுமாறுவதில்லை. தெரிந்ததைச் சொல்லும் அதே உறுதியோடு தெரியாததையும் சொல்லும். மாணவர் அதை அப்படியே அசைன்மென்ட் தாளில் எழுதிவிடுகிறார்.

தீர்ப்பு என்ன? வாயிற்காப்போனிடம் வழி கேட்கலாம். அவன் சொன்னதையே ஊர் என்று எண்ணித் திரும்பிவிடக் கூடாது. விடை எங்கிருந்து வந்தது என்று அந்தப் பத்தி காட்டினால் அந்த மூலத்தைத் திறந்து படியுங்கள். காட்டவில்லையெனில் முதல் எடைக்கல்லிலேயே அது தோற்றது என்று கொள்ளுங்கள்.

முடிவில்லாத திரை

அடுத்து, மாணவரின் நேரத்தில் பெரும்பங்கு கொள்ளும் காணொளித் தளங்கள். 2005இல் தொடங்கிய யூடியூபின் சிறப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 2023 ஆகஸ்டு 23 மாலை சந்திரயான்–3 நிலவில் இறங்கியபோது, இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நேரடி ஒளிபரப்பை அத்தளத்தில் ஒரே நேரத்தில் 80 இலட்சம் பேர் கண்டனர். நாட்டின் கடைக்கோடிச் சிற்றூர் மாணவனும் விஞ்ஞானியும் ஒரே காட்சியை ஒரே நொடியில் பார்த்தது சிறிய செய்தியா? தமிழில் நல்ல அறிவியல் காணொளிகளும் இன்று கிடைக்கின்றன.

அதே வேளையில் அந்தத் தளம் எதைக் கொண்டு தன்னை அளந்துகொள்கிறது என்பதையும் அறிய வேண்டும். 2012 வரை எத்தனை முறை ஒரு காணொளி சொடுக்கப்பட்டது என்பதற்கே முதன்மை இருந்தது. அவ்வாண்டு முதல், எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு முதன்மை தரப்பட்டது. விளம்பரத்தால் பிழைக்கும் நிறுவனத்துக்கு உங்கள் நேரமே வருமானம். 2006ஆம் ஆண்டையொட்டி மற்றோர் உத்தியும் வந்தது. பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தைக் கேட்டுப் பெறும் தேவையே இல்லாமல், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும் திரை அது. 2020 ஜூன் இறுதியில் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தன் ரீல்ஸ் பகுதியை இந்தியாவில் கொண்டுவந்தது. கடை மாறியது; சரக்கு மாறவில்லை.

புத்தகத்துக்குக் கடைசிப் பக்கம் உண்டு. சினிமாவுக்கும் வணக்கம் போடுவார்கள். உருளும் திரைக்கு அத்தகைய நிறுத்தம் எதுவும் இல்லை. போதும் என்று முடிவு செய்யும் பொறுப்பு முழுவதும் பார்ப்பவர் தலையில் விழுகிறது. அந்த முடிவைத் தள்ளிப்போடச் செய்வதற்கென்றே மறுபக்கம் தேர்ந்த பொறியாளர்கள் வேலை செய்கின்றனர். ஒரு மாணவர் இதில் தோற்றால் அவர் மனவுறுதியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

நம் கேள்விக்கு இங்கு கிடைப்பது என்ன? சின்னக்கல்லாற்று அருவியின் அழகிய காட்சிகள் கிடைக்கும். மழை ஏன் என்ற விளக்கத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் வேறு எங்கோ போய்விடுவோம். மூன்றாம் எடைக்கல்லில் பெரும்பாலான சிறு காணொளிகள் நிற்பதில்லை. ஒரு மணி நேரம் பார்த்தபின் பார்த்தவற்றுள் ஐந்தைத் தாளில் எழுத முயன்று பாருங்கள், உண்மை விளங்கும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நிலவின் மண்ணை ஒத்த மண்ணை ஆக்கி லேண்டரைச் சோதித்துப் பார்க்க, நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளின் அனார்த்தசைட் பாறை பயன்பட்டது. நிலவைக் கைப்பேசியில் கண்ட கொங்கு நாட்டு மாணவருள் எத்தனை பேர் அந்தப் பாறையை நேரில் போய்ப் பார்த்தனர்? நல்ல காணொளி நம்மை அந்தப் பாறை வரை அனுப்பிவைக்கும். மற்றது அடுத்த காணொளிக்கு அனுப்பிவைக்கும்.

தூரனின் வழியில் ஒரு களஞ்சியம்

தமிழில் கலைக்களஞ்சியம் ஆக்கும் முயற்சிக்கு ஒரு கொங்கு நாட்டவர் தலைமை தாங்கினார் என்பதை இளைய வாசகர் பலர் அறியமாட்டார்கள். பெ. தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அத்தொகுதிகளை இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஒவ்வொரு கலைச்சொல்லையும் அறிஞர்கள் கூடி ஆய்ந்து இட்ட காலம் அது. அதன் நடையைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை அந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். அரைநூற்றாண்டுப் பழமை அதன் குறை. அச்சான பிழையைத் திருத்த முடியாதது மற்றொரு குறை.

இவ்விரு குறையும் இல்லாதது 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் அதில் உள்ளன. ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ எழுபது இலட்சம். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம். எந்த நாளில் எந்தச் சொல் மாற்றப்பட்டது என்பதும் வரலாற்றுப் பக்கத்தில் அழியாமல் இருக்கும். முதல் இரண்டு எடைக்கற்களையும் இதைவிட மதிக்கும் தளம் அரிது.

குறைகளும் உண்டு. பல கட்டுரைகள் நாலைந்து வரிகளோடு நின்றுவிடுகின்றன. சில, மொழிபெயர்ப்பு வாடை வீசும் தமிழில் இருக்கின்றன. 2009ஆம் ஆண்டையொட்டிக் கூகிள் நிறுவனம் கூலி கொடுத்து ஆங்கிலக் கட்டுரைகள் பலவற்றைத் தமிழாக்கி இத்தளத்தில் சேர்த்தது. கட்டுரைகளின் பக்க அளவு பெருகியது. ஆனால் நடை சரியில்லை, நம் வாசகருக்குத் தேவையற்ற பொருள்கள் மிகுந்துவிட்டன என்று தமிழ் விக்கிப்பீடியர்களே குறைகூறினர். பிறர் வந்து நமக்கு எழுதிக் கொடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இது நல்ல பாடம். ஆனைமலையைப் பற்றி எந்தச் செய்தி முதன்மையானது என்பதை ஆனைமலையை அறிந்தவரல்லவா சொல்ல வேண்டும்?

தீர்ப்பு: படிப்பதற்கு நடுத்தரம்; எழுதிப் பழகுவதற்கு முதல்தரம். ஒரு வாக்கியத்துக்கு ஆதாரம் தேடி இணைத்துப் பார்த்த மாணவருக்கு, ஆதாரமற்ற வாக்கியம் எது என்பது பார்த்தவுடன் தெரியும்.

கல்லூரிப் பாடத்துக்கு இரண்டு தளங்கள்

பாடம் புரியவில்லை, அதுவும் ஆங்கிலத்தில் புரியவில்லை என்பதே தமிழ்வழி மாணவரின் உண்மையான துன்பம். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. அப்படியும் கல்லூரி அறிவியலில் பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே நடக்கிறது. இத்துன்பத்துக்கு மருந்தாக இரண்டு தளங்களைச் சொல்லலாம்.

முதலாவது என்பிடெல். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. பெரிய கல்விக்கூடங்களின் வகுப்பறையை எல்லோருக்கும் திறந்துவிட்ட தளம். பல பாடங்களின் உரைகள் தமிழிலும் எழுத்து வடிவில் தரப்பட்டுள்ளன. ஆனால் ஒரு மணி நேர விரிவுரையைச் சிறு திரையில் தொடர்ந்து கேட்பதற்கு முன்னறிவும் பொறுமையும் வேண்டும். முதலாண்டு மாணவர் நான்காம் விரிவுரையிலேயே களைத்துவிடுவார். நண்பர் இருவர் மூவராகச் சேர்ந்து, நடுநடுவே நிறுத்திப் பேசிக்கொண்டு பார்த்தால் பயன் மிகும்.

இரண்டாவது பெட். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இதில் விரிவுரையே இல்லை. மின்சுற்றை நாமே கட்டலாம். ஊசலின் நீளத்தை மாற்றிப் பார்க்கலாம். ஒரு கலத்தில் வளிமத்தை அடைத்து, அமுக்கினால் வெப்பநிலை என்னாகிறது என்று காணலாம். மலையிறங்கும் காற்று ஏன் சூடாகிறது என்ற நம் கேள்வியின் கரு இந்தக் கடைசிச் சோதனையில் இருக்கிறது! பல சோதனைகள் தமிழிலும் உண்டு. இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் கிடைக்காத மலையூரிலும் இயங்கும். இவ்வளவு நல்ல தளம் மாணவரின் விருப்பப் பட்டியலில் இல்லை என்பது நம் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய செய்தி. ஒரு குறை, இதில் கருவி ஒருபோதும் பழுதாவதில்லை. கம்பி தளர்ந்திருந்தால் மின்விளக்கு எரியாது என்ற பாடத்தை ஆய்வுக்கூடமே கற்றுத்தர வேண்டும்.

நாம் கொடுக்கும் தளங்கள்

இதுவரை கண்டவை பெரும்பாலும் நமக்குக் கொடுப்பவை. நாம் கொடுப்பதற்கென்றே அமைந்த தளங்களும் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002இல் தொடங்கிய ஈபேர்டு அவற்றுள் ஒன்று. எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நின்று, எந்தெந்தப் பறவையை எத்தனை கண்டோம் என்று அதில் பதிவு செய்யலாம். வழக்கத்துக்கு மாறான பதிவு வந்தால், பறவைகளை நன்கறிந்த தன்னார்வலர் ஒருவர் ஆதாரம் கேட்டு எழுதுவார். தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு இத்தளத்தின் வழியே நடந்து வருகிறது.

மற்றொன்று ஐநேச்சுரலிஸ்ட். பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர் மூவர் தம் முதுநிலைப் படிப்பின் செயல்திட்டமாக 2008இல் ஆக்கியது இது. செடி, பூச்சி, தவளை எதையும் படமெடுத்து இடலாம். பெயர் சொல்பவர்களில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் ஒத்துக்கொண்டால்தான் அப்பதிவு ஆய்வுக்கு உரியதாக உயரும். அருகிவரும் உயிரினமென்றால் இரண்டு தளங்களுமே அதன் சரியான இடத்தைப் பிறர் காணாதபடி மறைத்துவிடுகின்றன. வேட்டைக்காரனும் கைப்பேசி வைத்திருக்கிறான் அல்லவா?

சிங்கவால் குரங்கும் பெரிய இருவாச்சியும் வாழும் மலைக்கு அடிவாரத்தில் இருப்பவருக்கு இத்தளங்கள் இயல்பாகவே உரியவை. பேருந்து நிறுத்தத்து ஆலமரத்தில் பழம் தின்ன வந்த பறவைகளை வாரம் ஒருமுறை எண்ணிப் பதிவு செய்தால் போதும். அந்த மரத்தை, அந்த நாளில் பார்த்தவர் உலகில் வேறு எவரும் இல்லை. ஆங்கிலம் சரளமாக வராது என்ற தயக்கம் இங்கு தேவையில்லை; எண்ணத் தெரிந்தால் போதும்.

குறை சொல்லாமல் விடலாமா? இத்தளங்களில் பேச்சும் வாதமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கின்றன. படமெடுக்கும் கருவியும் ஓய்வும் உள்ள நகரத்தாரின் பதிவுகளே மிகுதி. காட்டைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்களின் அறிவு அவற்றில் சிறிதளவே ஏறியிருக்கிறது. மலையின் கேரளப் பக்கம் வாழச்சால் காட்டில் காடர் மக்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காத்து வருகின்றனர். பதிவில்லாத இடம் பறவையில்லாத இடமென்று தொலைவிலிருந்து நிலப்படத்தைப் பார்ப்பவர் எண்ணிவிடக்கூடும். ஆகவே நாம் பதிவு செய்யாமல் இருப்பதும் ஒருவகைத் தவறான செய்தியாகவே போய்ச் சேரும்.

உயிர் காக்கும் நாலு வரி

திறனாய்வின் முடிவில், இணையதளம் என்று சொல்லவே தகாத எளிய சேவை ஒன்றைக் காட்ட விரும்புகிறோம். வால்பாறைப் பீடபூமி ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்களும் அவற்றினிடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளும் கலந்த நிலம். யானைகள் அவற்றின் வழியே நடமாடுகின்றன. மாலை மங்கிய வேளையில் பேருந்திலிருந்து இறங்கி லயத்துக்கு நடந்து போகும் தொழிலாளி, யானை நிற்பது தெரியாமலே எதிரில் போய்விடுகிறார். உயிர்ச்சேதங்கள் பல இவ்வாறே நேர்ந்தன.

மைசூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர்கள் யானைகளின் நடமாட்டத்தை ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். பின் வனத்துறை, தோட்ட நிர்வாகங்கள், மக்கள் ஆகியோரின் துணையோடு ஓர் ஏற்பாடு செய்தனர். இன்று யானைக் கூட்டம் எந்தத் தோட்டத்தின் எந்தப் பகுதியில் நிற்கிறது என்ற செய்தி, பதிவு செய்தவரின் கைப்பேசிக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் குறுஞ்செய்தியாக வரும். முக்கிய இடங்களில் உயரமான கம்பங்களில் சிவப்பு விளக்குகள் உண்டு. கைப்பேசி அழைப்பின் மூலமே அவற்றை எரியச் செய்யலாம். இப்பணிக்காக எம். ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார்.

இதை நம் மூன்று எடைக்கற்களில் வையுங்கள். செய்தியை யார் சொன்னார்? யானையைக் கண்ணால் கண்டவர். தவறானால் என்ன செய்வது? நாளை அவ்வழியே நடப்பவர்களே சொல்லிவிடுவார்கள். திரையை அணைத்தபின் மிஞ்சுவது என்ன? உயிர். இதில் உருட்டிப் பார்க்கும் திரை இல்லை, விளம்பரம் இல்லை, விருப்பக்குறியும் இல்லை. படித்து முடிக்க அரை நிமிடம் போதும். பல கோடி செலவில் ஆன தளங்களைவிட இந்த நாலு வரி உயர்ந்து நிற்பதற்குக் காரணம் ஒன்றே. ஒருவர் தம் ஊரில் கண்டதைத் தம் ஊராருக்குப் புரியும் மொழியில், அவருக்குத் தேவையான நேரத்தில் சொல்கிறார்.

மாணவ நண்பர்களுக்கு

மாணவ நண்பர்களே! கைப்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று அறிவுரை கூற நாம் வரவில்லை. பாட்டுக் கேட்பதும் சிரிப்புக் காட்சி பார்ப்பதும் இளமைக்கு இயல்பே. ஆனால் விருப்பம் என்பது நாமே தேர்ந்துகொள்வதாக இருக்க வேண்டும். உருளும் திரை தேர்ந்து தருவதை நம் விருப்பம் என்று சொல்லிக்கொள்ள இயலுமா?

மூன்று பழக்கங்களை ஒரு பருவம் மட்டும் கடைப்பிடித்துப் பாருங்கள். திறக்குமுன் கேள்வியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விடை கிடைத்ததும் மூடிவிடுங்கள். எந்த விடையையும் இரண்டாவது மூலத்தோடு ஒப்பிடுங்கள். அந்த இரண்டாவது மூலம் உங்கள் ஊர்ப் பெரியவராகவும் இருக்கலாம். வாரத்துக்கு ஒன்றாவது நீங்கள் இணையத்துக்குக் கொடுங்கள்: ஒரு பறவைப் பட்டியல், ஒரு பூவின் படம், விக்கிப்பீடியாவில் ஆதாரத்தோடு ஒரு வாக்கியம்.

சின்னக்கல்லாற்று மழை ஆனைமலைக்கு ஏன் வருவதில்லை என்று இன்னும் ஐந்தாண்டு கழித்து ஒரு பள்ளிச் சிறுமி தமிழில் தேடுவாள். மழை மறைவு, பாலக்காட்டுக் கணவாய், சர்க்கார்பதிக்கு இறங்கும் நீர் மூன்றையும் சேர்த்துச் சொல்லும் பக்கம் ஒன்று அவளுக்குக் கிடைக்க வேண்டும். அதை எழுதுவதற்கு இயற்பியல் படித்த, தென்னந்தோப்பை அறிந்த, தமிழில் எழுத வல்ல ஒருவர் தேவை. அத்தகையவர் இன்று ஆனைமலையிலிருந்து பொள்ளாச்சிப் பேருந்தில் போய்க்கொண்டிருக்கிறார். கையில் கைப்பேசியும் இருக்கிறது.